பின்னாலிருந்து சட்டையை இழுத்தவர்

இரங்கல் கூட்டத்தில் ஓட்டுக் கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் ஒரு சட்டமன்ற உறுப்பினர். குரல் பெரிது என்பதால் சின்ன வயதிலேயே ‘இடி’ என்று பெயர் விழுந்துவிட்டது. தலை நரைத்த பிறகு மரியாதைக்கு ஒரு ‘யார்’ சேர்த்து இடியார் ஆக்கிவிட்டார்கள். அவர் ஓட்டுக் கேட்டது தனக்காக இல்லை, செத்துப்போன நண்பருக்காக.

நண்பர் ஒரு தையல்காரர். கட்சியில் கூடவே கிடந்தவர், ஒரே ஒரு தடவை சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அடக்கம் முடிந்த வாரம், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், அவருடைய கடை வாசலிலேயே கூட்டம் போட்டார்கள். மேசைமேல் படம், ஒரு மைக், வாடகை நாற்காலிகள். வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். கடைசியாக இடியார் எழுந்தார்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். எளிமை என்றார், உழைப்பு என்றார். குரல் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அதே தெருமுனை, அதே கடை வாசல், எதிரே அதே முகங்கள். அந்த இடத்தில் நின்று நண்பரைப் பற்றி அவர் மைக்கில் பேசியது அதற்கு முன் ஒரே ஒரு காலத்தில்தான்; நண்பர் தேர்தலில் நின்ற காலத்தில். நாக்குக்கு அந்தத் தடம்தான் தெரியும். அது பாட்டுக்கு அதில் ஓடிவிட்டது.

“ஆகவே, எளிமையின் சிகரமாம் என் அருமை நண்பரை, மாபெரும் வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெறச் செய்யுமாறு உங்கள் பொற்பாதம் தொட்டு...”

தொட்டு என்ற இடத்தில்தான் உறைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். கட்சிக்காரர்கள் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். தையல்காரரின் மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பக்கத்துச் சந்தில் இருந்த வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் கூடத் தேவலை. சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

இடியார் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அந்த நேரத்தில் அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. பின்னாலிருந்து சட்டையை யாராவது இழுப்பார்கள் என்று. இழுக்க வேண்டியவர் மேசைமேல் படமாக இருந்தார்.

சட்டை இழுக்கிற கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதர்கள் யாரென்று விளங்காது.

இடியாருக்கு மீசை அரும்பிய காலத்தில் ஒருநாள் சாயங்காலம், கட்சியில் சேர்ந்த சூட்டில், சந்தை வாசலில் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். அரசாங்கத்தைக் கிழித்தார், உலகத்தைத் திருத்தினார். கேட்க நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற ஆள், கவனிக்கவில்லை. திடீரென்று பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், ஒல்லியாக ஒரு இளைஞன். கழுத்தில் அளவு நாடா.

“யோவ், போதும் இறங்கு. கேக்கிற ஆளு நான் ஒருத்தன்தான். நானும் பெட்டிக்காகத்தான் நிக்கறேன்.”

அந்தப் பெட்டி தையல்காரர் கடையில் துணி போட்டு வைக்கிற பெட்டி. கேட்காமல் கொள்ளாமல் தூக்கி வந்திருந்தார்கள் கட்சிப் பையன்கள். இழுத்த வேகத்தில் சட்டை பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு நல்ல சட்டைதான். சண்டைக்குப் போனார். தையல்காரர் அசரவில்லை. கிழித்தது நான், தைத்துத் தருவதும் நான், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை போனார். ஆகவில்லை. அடுத்த வெள்ளி போனார். சட்டை துணிக்குவியலுக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது, எடுக்கணும் என்றார் தையல்காரர். இப்படிச் சட்டைக்காகப் போய்ப் போய், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, டீ குடித்து, அரசியல் பேசி, சண்டை போட்டு, கடைசியில் சட்டை கைக்கு வந்த நாளில் தையல்காரரும் கட்சியில் சேர்ந்திருந்தார். சொன்ன வெள்ளிக்கிழமை அந்தச் சட்டை கிடைத்திருந்தால் இந்த நட்பே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு எந்த மேடையிலும் இடியாருக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி தையல்காரருக்குத்தான். அது அவருடைய வேலை. நேரம் போனால் ஒரு சுண்டு. முடி என்று அர்த்தம். ஆகாத காரியத்தை ஆகும் என்று இடியார் அளக்க ஆரம்பித்தால் சட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார், பேச்சை மாற்றுகிற வரைக்கும் விடமாட்டார். மைக் முன்னால் இருக்கிறவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். பின்னால் இருக்கிறவர் ஒன்றுமே தெரியாத மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையில் சட்டையைப் பிடித்திருப்பார். இடியாருக்கு அவரே சட்டை தைக்க ஆரம்பித்த பிறகு பின்பக்கத்தை நாலு விரற்கடை நீளமாக விட்டுத் தைத்தார். இது என்னய்யா வால் மாதிரி என்று கேட்டதற்கு, “பிடிக்கிறதுக்கு ஒரு பிடி வேணாமா?” என்றார்.

பிறகு தொகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். பக்கத்துப் பாதிக்கு ஆள் தேடியபோது கட்சி தையல்காரரை நிறுத்தியது. நிற்க மாட்டேன் என்று அவர் ஒரு வாரம் கடையைப் பூட்டிக்கொண்டு ஒளிந்தார். கண்டுபிடித்து நிறுத்தினார்கள். ஜெயித்தும் விட்டார். சட்டமன்றத்தில் இடியாருக்கு நேர் பின்வரிசையில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கேயும் அதே வேலைதான்.

அவையில் அவர் அதிகம் பேசவில்லை. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற கூடத்தில் உட்கார இடமில்லை, நோயாளிகள் தரையில் கிடக்கிறார்கள், சாய்மானம் வைத்த பெஞ்சு போடுங்கள் என்பார். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதையே கேட்டார். அவர் எழுந்தாலே ‘பெஞ்சு வந்துடுச்சு’ என்று எதிர்க்கட்சி வரிசையில் கேலி செய்வார்கள். கடைசியில் தொல்லை தாங்காமல் போட்டார்கள்.

இன்னொன்றும் செய்தார். அவையில் சில நாள் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பு ஆகும்; சட்டைகள் கிழியும். காலரைப் பிடித்து இழுத்துப் பட்டன் தெறிக்கும். தையல்காரர் சண்டையில் கலந்துகொள்ள மாட்டார். வெளியே தாழ்வாரத்தில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவார். அடித்தவனும் அடிபட்டவனும் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார். பட்டன் எங்கே என்று மட்டும் கேட்பார். கடையில் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை சொன்ன மனிதர், அங்கே மட்டும் உடனே தைத்துக் கொடுத்தார்.

அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்ற கதையும் சட்டையில்தான் இருக்கிறது. ஆற்றுக்குப் பாலம் கேட்டு ஜனங்கள் கூடியிருந்த கூட்டம். இந்தத் தடவை மைக் முன்னால் தையல்காரர், பின்னால் இடியார். பாலம் இந்த அஞ்சு வருஷத்தில் வராது, பணம் ஒதுக்கவில்லை, சும்மா சொல்ல எனக்கு வராது என்று தையல்காரர் பேசிக்கொண்டே போகிறார். இத்தனை வருஷம் தன்னை இழுத்தவரை முதல் தடவையாக அவர் இழுத்தார். தையல்காரர் திரும்பி, மைக்கை மூடக்கூட இல்லை, “யோவ், புதுச் சட்டை, கிழிஞ்சிடும், விடு” என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள்.

முடிவு வந்த மறுநாள் காலையில் தையல் கடை திறந்திருந்தது. முன்னாள் உறுப்பினர் பழையபடி எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்கு இரங்கல் தீர்மானம் வரப்போகிறது. முன்னாள் உறுப்பினர் காலமானால் அவை கூடுகிற முதல் நாளில் தீர்மானம் படித்து, சிலர் பேசி, எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். கட்சிக் கொறடா இடியாருக்கு போன் செய்தார். உங்களுக்கு மூன்று நிமிடம், பேச்சை நம்ம ஆபீசில் அடித்து அனுப்புகிறோம், பார்த்துப் படித்தால் போதும் என்றார். ‘பார்த்துப் படித்தால்’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. கடை வாசல் சங்கதி அவர் காதுக்கும் போயிருக்கும்.

இடியார் நேரே தையல்காரர் வீட்டுக்குப் போனார். கூட்டத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

மகள்தான் கதவைத் திறந்தாள். அவள் அதே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொன்னாள், நாற்காலியைப் போட்டாள், ஆனால் முகத்தைக் கொடுக்கவில்லை. இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சட்டமன்றத்தில் பேச வேண்டியிருக்கிறது, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றார்.

“நீங்க பேச வேணாம் பெரியப்பா.”

“நான் பேசலன்னா வேற எவனாவது எழுதிக் கொடுத்ததப் படிப்பான்மா.”

“படிக்கட்டும். அதுல எலெக்‌ஷன் இருக்காது.”

இடியார் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

அவள் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டே பேசினாள். அப்பா ஆயுசு முழுக்க உங்க முதுகுக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருந்தார், ஒரு படத்தில்கூட அவர் முகம் முழுசா இல்லை, எல்லாவற்றிலும் உங்கள் தோள் மறைக்கிறது என்றாள். அவரை முன்னால் வைத்துப் பேச ஒரே ஒரு நாள் வந்தது, அன்றைக்கும் ஊர் சிரித்துவிட்டுப் போனது என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் தன்னால் தாங்க முடியாது, பிறகு பெரியப்பா என்று கூப்பிட்டு இந்த வீட்டில் நாற்காலி போடவும் முடியாது என்றாள். பிறந்ததிலிருந்து இடியார் தோளில் வளர்ந்த பெண். அவருக்குப் பிள்ளை இல்லை. தைத்த மாதிரி வந்து விழுந்தது ஒவ்வொரு வார்த்தையும்.

உள்ளே இருந்து தையல்காரர் மனைவி வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இடியாரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அழுகை என்று நினைத்தார் இவர். சிரிப்பு.

“அவரு இருந்திருந்தா உருண்டு பொரண்டு சிரிச்சிருப்பாரு அண்ணே. தெனமும் சொல்லிக் காட்டியிருப்பாரு. செத்தப்புறமும் எனக்கு ஓட்டு வாங்கிக் கொடுக்கப் பாத்தான்யான்னு.”

“அம்மா, சும்மா இரு” என்றாள் மகள்.

அந்த அம்மா இருக்கவில்லை. கூட்டத்தில் இவருக்கு முன்னால் பேசினவர்கள் மட்டும் என்ன பெரிதாகப் பேசிவிட்டார்கள் என்று கேட்டார். நல்லவர், வல்லவர், தூய்மையானவர் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது யார் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றார். தன் ரவிக்கையைத் தொட்டுக் காட்டினார். “கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு ஒரு ரவிக்கை தைச்சுக் கொடுன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைன்னே போயிட்டாரு. தையல்காரன் பொண்டாட்டி அடுத்த தெரு கடையிலதான் குடுத்துத் தைக்கிறேன். அத ஒருத்தரும் சொல்லலியே.”

மகள் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். பேசுவது என்று முடிவு பண்ணிவிட்டால் பேசுங்கள், நானும் அம்மாவும் பார்வையாளர் மாடத்துக்கு வருவோம், அனுமதிச் சீட்டுக்குச் சொல்லி வையுங்கள் என்றாள். நடுவில் நான் எழுந்து போனால் ஏன் போனேன் என்று உங்களுக்கே தெரியும் என்றும் சொன்னாள்.

ஆபீசில் அடித்த பேச்சு மறுநாளே வந்தது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து இடியார் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார். ‘கொள்கைக் குன்று’, ‘தியாகச் சுடர்’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’. அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “யாருங்க இவரு? எப்போ செத்தாரு?” என்றார்.

சரி, நாமே பேசிப் பார்க்கலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் ஒழுங்காகப் போகும். மூன்றாவதில் குரல் தானாக மேலே ஏறும், கை தானாக உயரும், எங்கிருந்தோ சிகரமும் சுடரும் வந்து ஒட்டிக்கொள்ளும். நிறுத்த நினைப்பார். நிற்காது. அவர் நிறுத்தக் கற்றுக்கொள்ளவே இல்லை. நிறுத்துவதற்குத்தான் ஆள் இருந்ததே. பிரேக் இன்னொருவர் காலில் இருக்க, வண்டியை மட்டும் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். அவையில் இரங்கல் தீர்மானம் வருகிற நாளெல்லாம் ஞாபகம் வந்தது. யாராவது உருகி உருகிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்வரிசையிலிருந்து தையல்காரர் காதருகே குனிந்து, இப்போ வரும் பாரு, ஈடு செய்ய முடியாத இழப்பு என்பார். சொல்லி வாயை மூடுவதற்குள் அது வரும். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கக் குனிந்து காகிதம் தேடுகிற மாதிரி நடிப்பார்கள். அப்படி ஒருநாள் வெளியே வந்து டீ குடிக்கும்போது தையல்காரர் சொன்னது இவருக்கு இப்போது அப்படியே காதில் கேட்டது.

“செத்தவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரே சைஸுல சட்டை தைக்கிறீங்களேய்யா. ஒல்லியா இருக்கறவன் அதுல காணாமப் போயிடறான். ஒருத்தனுக்காவது அளவெடுத்துத் தைங்க.”

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது சிரிப்பு வரவில்லை. அடித்து வந்த காகிதத்தை நாலாக மடித்து அலமாரியில் போட்டார்.

அவை கூடிய நாளில் அவர் போட்டிருந்தது தையல்காரர் தைத்த சட்டை. வேறு யார் தைத்த சட்டையும் அவரிடம் கிடையாது என்பதுதான் காரணம். தலையை உயர்த்தி மாடத்தைப் பார்த்தார். முன்வரிசையில் அம்மாவும் மகளும். மகள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக. இவருக்கு நேர் பின்னால், தையல்காரர் இருந்த இடத்தில், இந்தத் தடவை முதல் முறையாக ஜெயித்து வந்த ஓர் இளைஞர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

பேரவைத் தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஒவ்வொரு கட்சியாகப் பேசினார்கள். சுடர் வந்தது, சிகரம் வந்தது. ஈடு செய்ய முடியாத இழப்பு வந்தபோது இடியார் பழக்கத்தில் காதைச் சாய்த்தார். பின்னால் யாரும் குனியவில்லை.

அவர் முறை வந்தது. எழுந்தார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர், அன்றைக்குத் திறந்துகொண்டார்.

“தலைவர் அவர்களே, இறந்தவர் என் நண்பர். தையல்காரர். நல்ல தையல்காரர்னு சொல்ல முடியாது.”

அவை நிமிர்ந்தது. கொறடா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“தையல் நல்லாத்தான் இருக்கும். ஆனா சொன்ன நாளுக்குக் கிடைக்காது. யாரு போனாலும் வெள்ளிக்கிழமைதான். எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லமாட்டாரு. நான் மொத மொத தேர்தல்ல நின்னப்ப, மனு போடப் போக ஒரு சட்டை கொடுத்தேன். ஓட்டு எண்ணி, நான் தோத்து, வீட்டுக்கு வந்த பிறகு கொண்டுவந்து கொடுத்தாரு. அடுத்த தேர்தலுக்கு ஆகும், வைச்சுக்கோன்னாரு.”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. இரங்கல் நேரம் என்று அடங்கியது.

“பொய் வாக்குறுதி கொடுக்காதன்னு என் சட்டையைப் பின்னாலேருந்து பிடிச்சு இழுக்கிறதுதான் அவருக்கு வேலை. இங்கயும் இழுத்திருக்காரு, நீங்கள்லாம் பாத்திருப்பீங்க. ஆனா தன் கடையில அவர் கொடுத்த வாக்குறுதி ஒண்ணையும் காப்பாத்தினதில்ல. அவர் வீட்டம்மா இன்னைக்கி வரைக்கும் அடுத்த தெரு கடையிலதான் ரவிக்கை தைக்கிறாங்க.”

இந்தத் தடவை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் மேசையைத் தட்டிவிட்டார். தட்டிய கையை உடனே மடிக்குள் இழுத்துக்கொண்டார். பேரவைத் தலைவர் மணியில் கை வைத்தார், அடிக்கவில்லை. இடியார் மாடத்தை ஏறிட்டார். அந்த அம்மா வாயைப் பொத்தியிருந்தார். மகளின் முகம் தெரியவில்லை, குனிந்திருந்தாள். கைப்பை மடியிலேயே இருந்தது.

“சட்டையில மட்டுந்தான் அவருக்கு அந்தச் சோம்பல். எனக்கு ஒண்ணுன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்ததில்ல, அன்னைக்கே வந்து நிப்பாரு. இந்த அவையில சட்டை கிழிஞ்ச நாள்ல அவருகிட்ட தைச்சுக்காதவங்க கம்மி. அதுவும் அன்னைக்கே கிடைச்சுது. நான் உள்ள கிழிச்ச சட்டையை அவர் வெளிய தாழ்வாரத்துல உக்காந்து தைச்சுக் கொடுத்தாரு. எனக்கு அப்ப கோவந்தான் வரும். ஏன்யா எதிரிக்குத் தைக்கிறேன்னு கேட்டேன். ‘அவன் வீட்டுக்குப் போகணும்ல, பொண்டாட்டி பிள்ளைங்க பாக்கும்ல’ன்னாரு.”

சிரிப்பு நின்றுபோனது. எதிர்வரிசையில் மூத்த உறுப்பினர் ஒருவர், நரைத்தவர், தன் காலர் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொட்டது அவருக்கே தெரிந்திருக்காது.

“ஆஸ்பத்திரியில பெஞ்சு கேட்டாரு, கிடைச்சுது. பாலம் வராதுன்னாரு, வரல. அதுக்காகத் தோத்தாரு. தோத்த மறுநாள் கடையத் தொறந்தாரு. அவ்வளவுதான் அவர் அரசியல்.”

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் அவை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு அமைதி கிடைத்தால் எந்தப் பேச்சாளனுக்கும் உடம்பில் ஒரு சூடு ஏறும். இடியாருக்கும் ஏறியது. குரல் தூக்கியது. வலது கை தானாக மேலே போனது.

“இப்படிப்பட்ட ஒரு மாமனிதர், இந்த மண்ணும் விண்ணும் உள்ளவரை, என் அருமை நண்பர், எளிமையின்...”

மாடத்தில் மகள் கைப்பையை இறுக்கினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தும் நாக்கு நிற்கவில்லை, அடுத்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவருடைய இடது கை பின்னால் போனது. நீளமாக விட்டுத் தைத்த அந்த வாலைத் தேடிப் பிடித்தது. ஒரு சுண்டு சுண்டியது.

உடம்பு அதற்குப் பழகியிருந்தது. வாய் மூடிக்கொண்டது. மேலே தூக்கிய கை இறங்கியது.

அவை முழுக்க அவரையே பார்த்தது. பின்வரிசை இளைஞர் செல்போனை வைத்துவிட்டு, இவர் சட்டையை இவரே பிடித்துக்கொண்டு நிற்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதுங்கறாரு” என்றார் இடியார்.

உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். மௌனம் முடிந்த பிறகும் அந்த நரைத்த மூத்தவர் மட்டும் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

இரங்கல் தீர்மானத்தோடு அன்றைய அவை ஒத்திவைக்கப்பட்டது. மாடத்திலிருந்து இறங்குகிற படிக்கட்டு தாழ்வாரத்தில் வந்து முடியும். தையல்காரர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்த அதே தாழ்வாரம். இடியார் தூணோரமாக நின்றார். கொடுத்த மூன்று நிமிடத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துப் பேச்சை முடித்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கொறடாவே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அவர் கண் படிக்கட்டிலேயே இருந்தது. கடைசியில் அந்த மண்ணும் விண்ணும் வந்துவிட்டதே என்று உறுத்திற்று. அதைக் கேட்டுத்தான் அவள் பையை இறுக்கினாள். எழுந்து போயிருப்பாளோ?

முதலில் அந்த அம்மா இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. என் ரவிக்கையைச் சட்டமன்றக் குறிப்பில் ஏற்றிவிட்டீர்களே அண்ணே, இனிமேல் அழிக்க முடியாதாமே என்றார். அடுத்த தெரு தையல்காரனுக்கு இதைவிட விளம்பரம் வேண்டாம் என்றார். சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

மகள் பின்னால் வந்தாள். இடியார் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அவர் பிடித்துக் கசக்கியிருந்த சட்டை நுனியைக் கையால் நீவினாள். நீவி, கொஞ்சம் இழுத்து நேராக்கினாள். மடிப்பு போகவில்லை. திரும்ப நீவினாள்.

“இன்னும் ஒரு நிமிஷம் பேசியிருக்கலாம் பெரியப்பா.”

இத்தனை வருஷ அரசியலில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. திரும்பிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டார்.

“உங்கப்பன் விடலியேம்மா” என்றார்.